துருக்கிச் சொல்லைப் பிரித்துப் படிப்பது எப்படி: ஒட்டுகளும் வினைவடிவங்களும்

துருக்கி மொழியைக் கற்கத் தொடங்குபவரை முதலில் மலைக்க வைப்பது அதன் சொற்களின் நீளம். 'எவ்லெரிமிஸ்தெ' என்று ஒரே மூச்சில் வரும் சொல்லுக்கு 'எங்கள் வீடுகளில்' என்று பொருள். எவ் என்றால் வீடு, லெர் பன்மை, இமிஸ் 'எங்கள்', தெ 'இல்' என்னும் இட வேற்றுமை. பள்ளியில் 'வந்தனன்' என்ற சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்து எழுதிப் பழகிய ஒருவருக்கு இது புதிய வேலை அன்று. ஆங்கில வழியில் எழுதப்பட்ட துருக்கிப் பாடநூல்கள் பல பக்கங்களில் விளக்கும் செய்திகளில் பாதியைத் தமிழர் பேச்சிலேயே வைத்திருக்கிறோம். எனவே தமிழ் வழியாகவே துருக்கி இலக்கணத்தை அணுகுமாறு வலியுறுத்துகிறேன். எது தமிழோடு ஒத்துப்போகிறதோ அதை விரைவாகக் கடந்து, எது ஒத்துப்போகவில்லையோ அதில் உழைப்பைச் செலவிட வேண்டும்.

இந்த ஒற்றுமையை உறவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளைத் துருக்கி உள்ளிட்ட 'சித்திய' மொழிகளோடு இணைத்துப் பார்த்தார்; இன்றைய மொழியியலாளர்கள் அந்தக் கருத்தை ஏற்பதில்லை. இரண்டும் ஒட்டுநிலை மொழிகள், இரண்டிலும் வினை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது என்பது மட்டுமே கற்பவருக்குப் பயன்படும் செய்தி.

முதல் படி: எட்டு உயிர்கள்

1928 நவம்பர் முதல் நாள் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாகத் துருக்கி, அரபு எழுத்தை விட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறியது. அன்று வகுத்த 29 எழுத்துகளில் எட்டு உயிர்கள். அரபு எழுத்துமுறையால் இந்த எட்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்பது மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. எட்டில் ஐந்து நம்மிடம் உள்ளவை: அ, எ, இ, ஒ, உ. மீதி மூன்றுக்கு இக்கட்டுரையில் ஒரு குறியைப் பயன்படுத்துகிறேன். எழுத்தை அடுத்து ’ என்று இருந்தால், நாவை அசைக்காமல் உதட்டின் நிலையை மட்டும் மாற்ற வேண்டும்.

உ’ என்பது உதடு குவியாத உகரம். 'காது', 'நாடு' என்று சொல்லும்போது இறுதியில் வரும் குற்றியலுகரமே ஏறத்தாழ அந்த ஒலி. ஐரோப்பியர் பலர் திணறும் இந்த உயிர் நமக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது. இ’ என்பது இகரத்தை உதடு குவித்துச் சொல்வது. எ’ என்பது எகரத்தை அப்படியே குவித்துச் சொல்வது. கண்ணாடி முன் நின்று 'இ' என்று நீட்டியபடி உதட்டை மெல்லக் குவித்தால் இ’ தானாக வந்துவிடும்.

இங்கே நெடில் எழுத்து வந்தால், தனக்கென ஒலியின்றி முன்னுள்ள உயிரை நீட்டும் ஒரு துருக்கி மெய்யெழுத்து அங்கே இருக்கிறது என்று பொருள். சொற்களுக்குள் நான் இடும் சிறுகோடு ஒட்டுகளைப் பிரித்துக் காட்டுவதற்கே. துருக்கி எழுத்தில் அது கிடையாது. வல்லின ஒலிப்பைத் தமிழ் எழுத்து காட்டாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 'தந்தை' என்ற சொல்லின் முதல் தகரமும் இரண்டாம் தகரமும் வெவ்வேறாக ஒலிக்கின்றன அல்லவா? துருக்கியில் அவை இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். அதிர்வற்ற மெய்யை அடுத்து வரும் ஒட்டில் முதல் தகரமும், மற்ற இடங்களில் இரண்டாம் தகரமும் வரும். ஸகரமும் அப்படியே இரு ஒலிகளுக்குப் பொதுவாக இங்கே நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் ஒலிப்பதிவோடு கேட்டுப் பழகுவதே பாதுகாப்பு.

இரண்டாம் படி: உயிரிசைவு

தமிழில் இல்லாத, ஆனால் துருக்கியில் எல்லாவற்றுக்கும் அடித்தளமான விதி இதுதான். ஒட்டின் உயிர், சொல்லின் கடைசி உயிரைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். எட்டு உயிர்களும் இரண்டு அணியாகப் பிரிகின்றன: நாவின் பின்பகுதி எழும் அ, உ’, ஒ, உ ஓர் அணி, முன்பகுதி எழும் எ, இ, எ’, இ’ மற்றோர் அணி.

ஒட்டுகளில் ஒருவகை இரட்டை வடிவம் கொண்டது. பின் அணிக்கு அகரமும் முன் அணிக்கு எகரமும் வரும். பள்ளி ஒகுல், பள்ளிகள் ஒகுல்-லர். கதவு கபு’, கதவுகள் கபு’-லர். வீடு எவ், வீடுகள் எவ்-லெர். கண் கெ’ஸ், கண்கள் கெ’ஸ்-லெர்.

மற்றொரு வகை நான்கு வடிவம் கொண்டது. அங்கே நாவின் நிலையோடு உதட்டின் நிலையும் பொருந்த வேண்டும். நம்முடைய 'ஐ' உருபுக்கு இணையான இரண்டாம் வேற்றுமை இப்படி வரும்:

எவ்-இ (வீட்டை)
கு’ஸ்-உ’ (பெண்ணை)
ஒகுல்-உ (பள்ளியை)
கெ’ஸ்-இ’ (கண்ணை)

இந்த நான்கு சொற்களையும் ஒரு வாரம் நாள்தோறும் உரக்கச் சொன்னாலே போதும். இவற்றை அச்சாக வைத்து எந்தச் சொல்லுக்கும் ஒட்டின் உயிரைக் கண்டுபிடித்துவிடலாம். விதிவிலக்குகள் உண்டு. நேரத்தைக் குறிக்கும் 'ஸஅத்' அரபிலிருந்து வந்த கடன்சொல் என்பதால் 'ஸஅத்-லெர்' என்று எகரத்தை எடுக்கிறது. இத்தகையவற்றைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யாமல், எதிர்ப்படும்போது ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி: பெயரும் வேற்றுமையும்

'ஒகுல்-தன் எவ்-எ கெல்-தி-ம்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். பள்ளி-இலிருந்து வீடு-கு வா-ந்த்-ஏன்: பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. அ/எ என்பது 'கு' உருபு, த/தெ 'இல்', தன்/தென் 'இலிருந்து', இன் என்பதும் அதன் மூன்று மாற்றங்களும் 'உடைய'. உயிரில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் ஒட்டு சேரும்போது, 'கிளியை' என்பதில் நாம் யகரத்தை உடம்படுமெய்யாக இடுவது போலவே துருக்கியரும் இடுகிறார்கள்: கபு’-ய்-உ’, கதவை. 'உடைய' உருபுக்கு மட்டும் யகரத்துக்குப் பதில் னகரம் வரும்: கபு’-ன்-உ’ன், கதவினுடைய.

இரண்டாம் வேற்றுமையின் பயன்பாட்டில் தமிழரின் காது ஏறக்குறைய எப்போதும் சரியாக வழிகாட்டும். 'கிதப் ஒகு-து-ம்' என்றால் 'புத்தகம் படித்தேன்'. எந்தப் புத்தகம் என்பது முக்கியமன்று. 'கிதப்-உ’ ஒகு-து-ம்' என்றால் 'புத்தகத்தைப் படித்தேன்'. இருவருக்கும் தெரிந்த குறிப்பிட்ட புத்தகம். வேறு மொழியினர் நெடுநாள் தடுமாறும் இந்த நுட்பத்தை நாம் கற்கவே தேவையில்லை. ஒரே ஒரு வேறுபாடு: நாம் உயர்திணைப் பெயருக்கு எப்போதும் 'ஐ' சேர்த்து 'ஒரு மருத்துவரைத் தேடுகிறேன்' என்கிறோம், துருக்கியில் யாரோ ஒரு மருத்துவர் என்றால் ஒட்டு வராது.

எண்ணுப்பெயரை அடுத்துப் பன்மை ஒட்டு வருவதில்லை. 'பெஷ் எவ்' என்றால் ஐந்து வீடு. பேச்சுத் தமிழில் 'அஞ்சு வீடு' என்பதைப் போலவே. பால் பாகுபாடு அறவே கிடையாது: அவன், அவள், அது மூன்றுக்கும் 'ஒ' ஒன்றே. 'ஸென்' என்பது நீ, 'ஸிஸ்' என்பது நீங்கள். மரியாதைக்கு ஒருவரையும் 'ஸிஸ்' என்று அழைப்பது நம் வழக்கத்தோடு ஒத்தது.

நான்காம் படி: உடைமை ஒட்டு

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். தமிழில் 'என் வீடு' என்று முன்னால் சொல்வதைத் துருக்கி பின்னால் ஒட்டுகிறது: எவ்-இம் என் வீடு, எவ்-இன் உன் வீடு, எவ்-இ அவருடைய வீடு, எவ்-இமிஸ் எங்கள் வீடு, எவ்-இனிஸ் உங்கள் வீடு. வரிசை மாறாதது: சொல், பன்மை, உடைமை, வேற்றுமை. 'அலியின் வீடு' என்று சொல்லும்போது உடையவனுக்கும் உடைமைக்கும் ஆக இரு பக்கமும் ஒட்டு வேண்டும்: 'அலி-னின் எவ்-இ'. 'அலியின் அவனது-வீடு' என்று மனத்துக்குள் சொல்லிப் பழகினால் இரண்டாம் ஒட்டு விடுபடாது. தமிழ்ப் பழக்கத்தில் நான் மிகுதியாக விட்டுவிட்டது இந்த ஒட்டைத்தான்.

தொகைச் சொற்களிலும் அது தலைகாட்டுகிறது. 'பள்ளிக் கதவு' என்பதை 'ஒகுல் கபு’' என்றால் பிழை. 'ஒகுல் கபு’-ஸு’' என்பதே சரி. உயிரில் முடியும் சொல்லில் இந்த ஒட்டு ஸகரத்தோடு வரும். மேலும், 'அவருடைய' ஒட்டுக்குப் பின் வேற்றுமை வந்தால் நடுவே ஒரு னகரம் நுழையும். இதனால் 'எவிந்தெ' என்ற சொல்லை எவ்-இன்-தெ என்று பிரித்தால் 'உன் வீட்டில்'. எவ்-இ-ன்-தெ என்று பிரித்தால் 'அவர் வீட்டில்'. சொல் ஒன்று, பிரிப்பு இரண்டு. இடமறிந்து பொருள் கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

'எனக்கு வீடு உண்டு' என்பதற்கு 'எவ்-இம் வர்' என்பார்கள். 'என் வீடு உண்டு' என்பதே அதன் அமைப்பு. 'யொக்' என்றால் இல்லை. 'தெயில்' என்றால் அல்ல. 'டொக்டொர் யொக்' என்பது 'மருத்துவர் இல்லை'. 'டொக்டொர் தெயில்' என்பது 'மருத்துவர் அல்லர்'. பேச்சில் நாம் இரண்டையும் 'இல்லை' என்று ஒன்றாக்கிவிட்டோம். எழுத்துத் தமிழின் கட்டுப்பாட்டை நினைவில் வைத்திருப்பவருக்குத் துருக்கியில் இங்கே பிழை நேராது.

ஐந்தாம் படி: வினையின் எலும்புக்கூடு

அகராதியில் வினைகள் மெக் அல்லது மக் என்ற ஈற்றோடு இருக்கும்: கெல்-மெக் வருதல், யப்-மக் செய்தல், ஒகு-மக் படித்தல். அந்த ஈற்றை நீக்கினால் கிடைக்கும் வினையடியே ஏவல்: 'கெல்' என்றால் 'வா'. தமிழிலும் வினையடியே ஏவலாக நிற்பதை நாம் அறிவோம். அடியை அடுத்துக் காலம், காலத்தை அடுத்து இடம் என்ற வரிசையும் பகுதி, இடைநிலை, விகுதி என்னும் நம் வரிசையே.

இறந்த காலத்தை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், அது ஒழுங்கானது. கெல்-தி-ம் வந்தேன், கெல்-தி-ன் வந்தாய், கெல்-தி வந்தார், கெல்-தி-க் வந்தோம், கெல்-தி-னிஸ் வந்தீர்கள், கெல்-தி-லெர் வந்தார்கள். நான்கு வடிவ உயிரிசைவு இங்கும் உண்டு: கெல்-தி-ம் வந்தேன், யப்-து’-ம் செய்தேன், ஒகு-து-ம் படித்தேன், கெ’ர்-தி’-ம் பார்த்தேன்.

அடுத்தது நிகழ்காலத்துக்கான இயொர். கெல்-இயொர்-உம் வந்துகொண்டிருக்கிறேன், கெல்-இயொர்-ஸுன் வந்துகொண்டிருக்கிறாய். இயொர் என்பதன் ஒகரம் எந்தச் சொல்லுக்கும் வளைந்துகொடுக்காது. ஆனால் அதன் பின் வரும் ஒட்டு அந்த ஒகரத்தைப் பார்த்து உகரமாகிவிடும். எதிர்காலம் எஜெக் அல்லது அஜக்: கெல்-எஜெக், வருவார். நான்காவது வடிவம், வழக்கமாக நடப்பதையும் உறுதிமொழியையும் வேண்டுகோளையும் சொல்லப் பயன்படுவது: கெல்-இர், யப்-அர், ஒகு-ர். ஓரசை வினைகள் பொதுவாக அர் அல்லது எர் எடுக்கும். ல, ன, ர ஆகிய மெய்களில் முடியும் 13 வினைகள் மட்டும், கெல்-மெக் உட்பட, இர் வகையை எடுக்கும். இந்தப் பதின்மூன்றை மட்டும் மனப்பாடம் செய்வது நேரச் செலவு ஆகாது, ஏனெனில் அவை அன்றாடப் பேச்சில் இடைவிடாமல் வருபவை.

எதிர்மறைக்கு மெ அல்லது ம, அடிக்கும் காலத்துக்கும் இடையே வரும்: கெல்-மெ-தி-ம், வரவில்லை. 'வரவில்லை' என்ற நம் சொல்லில் யார் என்பது தெரியாது. துருக்கியில் இறுதி மகரம் 'நான்' என்று காட்டிக்கொண்டே இருக்கும். பழந்தமிழின் 'வந்திலேன்' இதற்கு நெருங்கியது. இயொரின் முன் மெ குறுகி மி ஆகும்: கெல்-மி-யொர்-உம்.

வினாவுக்கு 'மி' என்ற தனிச்சொல், அதுவும் உயிரிசைவோடு வரும்: 'கெல்-தி-ன் மி?' என்றால் 'வந்தாயா?' எதை வினவுகிறோமோ அதன் பின்னே அதை வைக்கலாம். 'அலி மி கெல்-தி?' என்றால் 'அலியா வந்தான்?' நம்முடைய ஆகார வினா எங்கெல்லாம் நகருமோ அங்கெல்லாம் மியும் நகரும்.

ஆறாம் படி: கண்டதும் கேட்டதும்

துருக்கி வினையில் எனக்கு மிகவும் பிடித்த ஒட்டு மிஷ். பாடநூல்கள் இதற்கு நீண்ட விளக்கம் தருகின்றன. தமிழருக்கு 'ஆம்' என்ற ஓர் அசை போதும். 'கெல்-தி' என்றால் வந்தார். 'கெல்-மிஷ்' என்றால் வந்தாராம். ஆனால் மிஷ்ஷின் எல்லை நம் 'ஆம்' என்பதைவிடச் சற்று அகன்றது. காலையில் எழுந்து ஈரமான தெருவைப் பார்த்து 'மழை பெய்திருக்கிறது' என்கிறோமே, அதற்கும் துருக்கியில் 'யாமுர் யா-மு’ஷ்' என்பதே வரும். பிறர் சொல்லிக் கேட்டது, தடயத்தைப் பார்த்து உணர்ந்தது ஆகிய இரண்டையும் அந்த ஒரே ஒட்டு தாங்குகிறது. தன்மையிலும் அது வரும்: 'உயு-முஷ்-உம்' என்றால் 'என்னையறியாமல் தூங்கிவிட்டிருக்கிறேன்'. தூங்கியவர் தாம் தூங்கியதைக் கண்டிருக்க முடியாதல்லவா?

துருக்கிக் கதைகள் 'பிர் வர்-மு’ஷ், பிர் யொக்-முஷ்' என்று தொடங்கும்: 'ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம்'. 'ஒரே ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தானாம்' என்று கேட்டு வளர்ந்தவருக்கு அந்த மிஷ் எந்த விளக்கமும் இன்றிப் புரியும்.

இதிலிருந்து தி என்ற ஒட்டு கண்ணால் கண்டதற்கு மட்டும் உரியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1923இல் துருக்கிக் குடியரசு அறிவிக்கப்பட்டதை இன்று எழுதுபவரும் தி வடிவத்திலேயே எழுதுவார். ஐயத்துக்கு இடமில்லாத உண்மை என்று எழுதுபவர் ஏற்றுக்கொண்ட செய்திக்கு அதுவே முறை. பிறர் பொறுப்பில் விடும் செய்திக்கே மிஷ்.

ஏழாம் படி: எச்சங்கள்

துருக்கியில் ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியத்தை வைக்கும் முறையும் நம்முடையதே. 'கெல்-இப் கித்-தி' என்றால் 'வந்து போனார்'. இப் என்பது நம் வினையெச்சம். கெல்-ஸெ வந்தால், கெல்-மெதென் வராமல், கெல்-இர்கென் வரும்போது.

பெயரெச்சத்தில் மட்டும் ஒரு கிளை பிரிகிறது. 'படித்த பிள்ளை', 'பிள்ளை படித்த புத்தகம்' என்று இரண்டுக்கும் நாம் 'படித்த' என்ற ஒன்றையே வைக்கிறோம். துருக்கியில் செய்தவரைக் குறித்தால் அன் அல்லது என்: 'ஒகு-ய்-அன் சொஜுக்', படிக்கிற அல்லது படித்த பிள்ளை. செய்யப்பட்டதைக் குறித்தால் வேறு ஒட்டு, அதன்மேல் உடைமை ஒட்டு: 'ஒகு-தூ-ம் கிதப்', நான் படித்த புத்தகம், 'ஒகு-தூ-ன் கிதப்', நீ படித்த புத்தகம். 'என் படித்த புத்தகம்' என்பதுபோல் அமைவதால் முதலில் விந்தையாக இருக்கும். எச்சத்தை அடுத்து வரும் பெயரே அந்த வினையைச் செய்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் இரண்டில் எது வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

எட்டாம் படி: பிரித்துப் பழகுதல்

அகராதியைத் திறக்கும் முன் சொல்லை வலமிருந்து இடமாக உரிக்க வேண்டும். துருக்கி மொழிக் கழகத்தின் அகராதி இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆனால் அதில் அடிச்சொல்லைத்தான் தேட முடியும். உரிக்கும்போது இறுதி மெய் மாறியிருக்கலாம் என்பதை மறவாதீர்கள். பிள்ளை 'சொஜுக்', பிள்ளையை 'சொஜூ'. இறுதிக் ககரம் கரைந்து நீட்சியாகிவிட்டது. 'கித்-மெக்' என்ற வினை 'கிதியொர்' ஆகும்போது தகரம் அதிர்வு பெறுகிறது.

ஒரு நீண்ட சொல்லை உரித்துப் பார்ப்போம்: 'கெலெமெயெஜெக்லெர்மிஷ்'. வலக்கோடியில் மிஷ், ஆகவே கேள்விப்பட்டது. அதன் முன் லெர், அவர்கள். அதன் முன் எஜெக், எதிர்காலம். அதை ஒட்டி நிற்கும் யகரம் உடம்படுமெய். அதன் முன் எமெ, இயலாமை. மிஞ்சுவது கெல், வா. 'அவர்களால் வர முடியாதாம்' என்று தமிழில் மூன்று சொற்களாகச் சொல்வதைத் துருக்கி ஒன்றில் அடக்கியிருக்கிறது.

நாளுக்கு ஐந்து சொற்களை இவ்வாறு ஏட்டில் பிரித்து, ஒவ்வொரு ஒட்டின் கீழும் அதற்கு ஈடான தமிழ் உருபையோ விகுதியையோ எழுதி வாருங்கள். இரண்டு வாரங்களில், தமிழ் உருபு எழுத இடமில்லாமல் வெற்றிடம் விட நேரும் ஒட்டுகள் எவை என்பது தெளிவாகும். பெரும்பாலும் அவை உடைமை ஒட்டுகளாகவே இருக்கும், அவற்றுக்கே கூடுதல் பயிற்சி வேண்டும். தொடக்கத்துக்கு ஒரு வாக்கியம் தருகிறேன். மேலே சொன்னவை மட்டுமே அதில் உள்ளன: 'ஒகுல்தன் கெலென் சொஜுக் கிதபு’ ஒகுமமு’ஷ்.' பிரித்த பின் 'பள்ளியிலிருந்து வந்த பிள்ளை புத்தகத்தைப் படிக்கவில்லையாம்' என்று உங்களுக்கு வந்ததா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.